கட்டத்துக்குள் ஒரு கணக்கு

வங்கி அட்டையின் 16 இலக்கங்களை இணையக் கடையின் கட்டத்தில் தட்டிக்கொண்டிருக்கிறோம். நடுவில் 1 விழவேண்டிய இடத்தில் 7 விழுந்துவிட்டது. விரல் அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் ‘எண்ணைச் சரிபாருங்கள்’ என்று ஒரு வரி தோன்றுகிறது. வங்கியிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. உலகத்திலுள்ள அட்டை எண்களின் பட்டியல் அந்தக் கடையிடம் இல்லை, இருக்கவும் கூடாது. அந்த நொடியில் இணைய இணைப்பு அறுந்திருந்தாலும் அந்த வரி தோன்றும். பிழை எப்படித் தெரிந்தது?

அட்டை எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களின் காவலாளி. முன்னால் இருக்கும் 15-ஐயும் வைத்து ஒரு கணக்குப் போட்டுத்தான் அது வைக்கப்படுகிறது. கணக்கு மிக எளிது. வலக்கோடியிலிருந்து இடப்பக்கம் வாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு இலக்கத்தை இரட்டியுங்கள். இரட்டித்தது 10-ஐத் தொட்டால் அதன் இரு இலக்கங்களையும் கூட்டி ஒன்றாக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் கூட்டுங்கள். சரியான எண் என்றால் கூட்டுத்தொகை 10-ஆல் மீதியின்றி வகுபடும். நிரல் எழுதுவோர் சோதனைக்குப் பயன்படுத்தும் எண் ஒன்று உண்டு: 4111 1111 1111 1111. முதலில் இருக்கும் 4 இரட்டித்து 8 ஆகிறது. இரட்டிக்கும் இடத்திலுள்ள ஏழு ஒன்றுகள் 14 தருகின்றன. இரட்டிக்காத எட்டு ஒன்றுகள் 8. மொத்தம் 30, சரி. இரட்டிக்காத இடத்தில் ஒரு 1 மட்டும் 7 ஆனால் கூட்டல் 36. இரட்டிக்கும் இடத்தில் அதே தவறு நேர்ந்தால், 7 இரட்டித்து 14, அது 5 ஆகி, மொத்தம் 33. இரண்டுமே 10-ஆல் வகுபடவில்லை. பிழை பிடிபட்டுவிட்டது.

ஒரே ஒரு இலக்கம் தவறினால் இது எப்போதும் பிடிபடும். காரணத்தைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றையும் இரட்டித்து ஓரிலக்கமாக்கினால் 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 என்று பத்தும் வெவ்வேறாகவே வரும். ஒன்றின் இடத்தை இன்னொன்று பிடிப்பதே இல்லை. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் கணக்கு உடையும், ஏனென்றால் அவற்றில் ஒன்றைத்தான் இரட்டிக்கிறோம். சோதனை எண்ணில் முதல் இரண்டை மாற்றி 14 என்று தொடங்கினால் கூட்டல் 27 ஆகிவிடும். இடமாற்றத்தில் ஒரே ஒரு ஓட்டை: 09 என்பதை 90 என்று மாற்றித் தட்டினால் இந்தக் கணக்குக்குத் தெரியாது. இரண்டுக்கும் கூட்டல் 9-தான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் பீட்டர் லூன். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். அதற்கு முன் நெசவுத் தொழிலில் இருந்தவர். துணியில் இழை எண்ணுவதற்கு அவர் உருவாக்கிய அளவுகோல் ‘லூனோமீட்டர்’ என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. எண்களைச் சரிபார்க்கும் கருவிக்கு 1954-இல் காப்புரிமை கேட்டார், 1960-இல் கிடைத்தது. அவர் வரைந்து காட்டியது கணினி நிரல் அல்ல. கையில் பிடித்துத் திருப்புகிற ஓர் இயந்திரச் சாதனம். இணையக் கடை என்ற நினைப்பே பிறவாத காலத்தில், எண்ணை எழுதும் மனிதர் தவறுவார், அந்தத் தவறை எண்ணே சொல்லிவிட வேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். எனக்கு அந்த யோசனையின் கனிவு பிடிக்கும்.

லூன் விட்ட ஓட்டையை 1969-இல் அடைத்தவர் டச்சுக் கணிதவியலாளர் யாகோபுஸ் வெர்ஹூஃப். ஒரு சீரான ஐங்கோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுழற்றியும் கவிழ்த்தும் அதே இடத்தில் பொருத்த மொத்தம் பத்து வழிகள் இருக்கின்றன. இலக்கங்களும் பத்து. முதலில் சுழற்றிப் பிறகு கவிழ்ப்பதும், முதலில் கவிழ்த்துப் பிறகு சுழற்றுவதும் ஒன்றல்ல. சாதாரணக் கூட்டலில் வரிசைக்கு மதிப்பில்லை, இங்கே வரிசைக்கு மதிப்புண்டு. இதை அடிப்படையாக வைத்துக் கட்டியதால், அடுத்தடுத்த எந்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்தக் கணக்கு கண்டுபிடித்துவிடும். நம்முடைய 12 இலக்க ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் வெர்ஹூஃபின் முறைப்படி வைக்கப்பட்டதே. கணக்கில் தேறிவிட்டதால் அப்படி ஓர் அட்டையோ ஆதாரோ உண்மையில் இருக்கிறது என்று ஆகாது. குருட்டாம்போக்கில் தட்டிய எண்ணும் பத்தில் ஒரு முறை தேறிவிடும். தட்டச்சுப் பிழையைச் சொல்வது மட்டுமே அதன் வேலை, அதைக் கச்சிதமாகச் செய்கிறது.

இவ்வளவு நுட்பமான கணக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிக்கும் அதே கட்டம், பல கடைகளில், எண்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டால் ‘இலக்கங்கள் மட்டும்’ என்று மறுத்துவிடுகிறது. அட்டையில் எண் நான்கு நான்காகப் பிரித்துத்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. அப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. மனிதர் ஒரே நேரத்தில் நினைவில் பிடிக்கக்கூடியவை ஏழுக்குச் சற்று முன்பின் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதை ஏறக்குறைய நான்கு என்று குறைத்தார். நான்கு இலக்கம் பார்த்து, தட்டி, ஓர் இடைவெளி விட்டு, மீண்டும் அட்டையைப் பார்ப்பது இயல்பான வேலைமுறை. அந்த இடைவெளிகளை நீக்க நிரலில் ஒரே வரி போதும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதால் லட்சக்கணக்கான பேர் பின்னால் போய் இடைவெளிகளை ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள்.

இணையக் கடைப் படிவத்தின் முழுப் பிரச்சினையும் இதில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். படிவத்தில் உள்ள ஒவ்வொரு வேலையையும் வாங்குபவர் செய்ய வேண்டும், அல்லது இயந்திரம் செய்ய வேண்டும். இயந்திரத்துக்கு எளிதான வேலை மனிதர் தலையில் விழுந்துவிட்டால், அது கெட்ட வடிவமைப்பு. நிறமும் எழுத்துருவும் பொத்தானின் வளைவும் அதற்குப் பிறகு பேச வேண்டியவை. வெவ்வேறு கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான இணைய நெறிமுறையை 1980-இல் எழுதிய ஜான் போஸ்டல், அனுப்பும்போது கண்டிப்பாகவும் பெறும்போது தாராளமாகவும் இருக்கச் சொன்னார். கணினிக்குக் கணினி காட்டும் அந்தத் தாராளத்தை மனிதருக்கும் காட்டலாமே.

சுமையை இறக்கிவைப்பதில்தான் கடை வண்டியின் வரலாறே தொடங்குகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் மளிகைக் கடைகள் நடத்திவந்த சில்வன் கோல்ட்மேன், கையில் தூக்கிய கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். 1937-இல் மடக்கு நாற்காலிக்குச் சக்கரம் பூட்டியதுபோல ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். முதலில் யாரும் தொடவில்லை. வண்டி தள்ளிக்கொண்டு கடைக்குள் நடமாடச் சம்பளத்துக்கு ஆட்களை வைத்த பிறகே மற்றவர்களும் தள்ளத் தொடங்கினார்கள்.

இணையத்தில் அந்த வண்டியைச் செய்வதற்கு வேறொரு தடை இருந்தது. வலைத்தளங்களின் அடிப்படை நெறிமுறைக்கு நினைவே கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பும். அடுத்த பக்கத்தைக் கேட்பவர் முன்பு கேட்டவர்தானா என்பது அதற்குத் தெரியாது. கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலி. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி 1994-இல் இதற்கு வழி கண்டார். கடையின் கணினி ஒரு சிறு குறிப்பை வாங்குபவரின் உலாவியிலேயே எழுதிவைக்கும். ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் உலாவி அந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்பும். இன்று நம்மைப் பின்தொடரும் விளம்பரங்களுக்காகக் கெட்ட பேர் வாங்கிய ‘குக்கி’ பிறந்தது இப்படித்தான். கூடையை நினைவில் வைத்துக்கொள்வதற்காக. அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி, நெட் மார்க்கெட் என்ற தளத்தில் பாடகர் ஸ்டிங்கின் இசைத்தட்டு ஒன்று மறைகுறியாக்கிய அட்டை விவரத்தோடு விற்பனையானது. பாதுகாப்பான இணைய விற்பனையின் தொடக்கமாக அதைப் பரவலாகச் சொல்வார்கள்.

வண்டி வந்துவிட்டது, ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் அதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். டென்மார்க்கின் பேமார்டு ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரி ஏறக்குறைய 70 விழுக்காடு. சும்மா பார்க்க வந்தவர்கள் அதில் பலர் உண்டு, அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வாங்க நினைத்து, படிவத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள்தான் கவலைக்குரியவர்கள்.

அவர்களைப் பற்றிப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் எழுதிய ஒரு நிகழ்வு இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். பேர் சொல்லாத ஒரு பெரிய கடை. பணம் கட்டும் பக்கத்துக்கு முன்னால் ஒரு சின்னப் படிவம்: மின்னஞ்சல், கடவுச்சொல் என்று இரண்டு கட்டங்கள், ‘உள்நுழைக’, ‘பதிவு செய்க’ என்று இரண்டு பொத்தான்கள். அடிக்கடி வருபவர்களுக்கு வசதி என்று நினைத்து வைத்தது. உட்கார்ந்து கவனித்தபோது தெரிந்தது வேறு. புதிதாக வந்தவர்கள் பதிவு செய்யப் பிடிக்காமல் போனார்கள். பழையவர்களுக்கு எந்த மின்னஞ்சல், எந்தக் கடவுச்சொல் என்பது நினைவில்லை. வாடிக்கையாளர்களில் 45 விழுக்காட்டினர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தார்கள், சிலர் பத்துக்கணக்கு வரை. ‘பதிவு செய்க’ என்பதை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று மாற்றி, வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள். வாங்கி முடித்தோர் எண்ணிக்கை 45 விழுக்காடு கூடியது. முதலாண்டில் மட்டும் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை என்கிறார் ஸ்பூல்.

எக்ஸ்பீடியா பயணத் தளத்தில் நேர்ந்தது இன்னும் விசித்திரம். பெயருக்கு அடுத்து ‘நிறுவனம்’ என்று, கட்டாயமில்லாத ஒரு கட்டம் இருந்தது. அட்டை விவரம் கேட்கும் இடத்தில் நிறுவனம் என்றால் வங்கியைத்தான் கேட்கிறார்கள் என்று சிலர் நினைத்தார்கள். வங்கியின் பெயரை எழுதினார்கள். அடுத்து வந்த முகவரிக் கட்டத்திலும் வங்கியின் முகவரியையே எழுதினார்கள். அட்டைதாரர் முகவரியோடு அது பொருந்தாமல் பணம் நிராகரிக்கப்பட்டது. அந்தக் கட்டத்தை நீக்கியதால் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் ஆதாயம் என்று நிறுவனமே சொன்னது. யாருக்கும் தேவைப்படாத ஒரு கேள்வி, சும்மா இருப்பதாகத் தோன்றினாலும், பக்கத்துக் கேள்விகளின் பொருளையும் மாற்றிவிடுகிறது.

தேவையில்லாத கேள்வியைப் பற்றிப் பேசும்போது தமிழர்கள் நின்று பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு: ‘கடைசிப் பெயர்’. மேற்கில் குடும்பப் பெயர் இருக்கும் இடம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் இனிஷியலும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கட்டாயம் என்கிறது. ஓர் எழுத்து போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து தேவை என்கிறது. புள்ளி வைத்தால் சிறப்புக் குறிகள் கூடாது என்கிறது. கடைசியில் அப்பா பெயரை எழுதுகிறோம், அல்லது நம் பெயரையே இரண்டாம் முறை எழுதுகிறோம். அட்டையில் இருக்கும் பெயர் ஒன்றாகவும் ஆர்டரில் இருக்கும் பெயர் வேறாகவும் ஆகிவிடுகிறது. நிரலாளர் பேட்ரிக் மெக்கென்ஸி 2010-இல், பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் 40 பொய்களைத் தொகுத்தார். எல்லாருக்கும் முதற்பெயரும் கடைசிப் பெயரும் இருக்கும் என்பது போன்ற நம்பிக்கைகள் அவை. பெட்டியின்மேல் ஒட்டுவதற்கு ஒரு முழுப்பெயர் போதும். ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்தால் இந்தியாவின் தென்முனையிலிருந்து ஐஸ்லாந்து வரை யாருக்கும் இடறாது.

பெயரைத் தமிழிலேயே எழுதினால் சிக்கல் இன்னும் ஆழத்துக்குப் போகிறது. யூனிகோடு முறையில் ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியீடுகளாகப் பதிவாகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இப்போது ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் ஒன்பது எழுத்து. கணினியின் கணக்கில் 16 குறியீடு. பெயருக்கு 15 என்று எல்லை வைத்த கட்டம் கடைசிப் புள்ளியை வெட்டிவிட்டு ‘மீனாட்சிசுந்தரம’ என்று நிறுத்தும். இன்னொன்றும் உண்டு. ‘எழுத்துகள் மட்டும்’ என்ற சோதனையை யூனிகோடின் ‘எழுத்து’ என்ற வகைப்பாட்டை மட்டும் நம்பி எழுதினால், புள்ளியும் கால், கொம்பு, கொக்கி எல்லாமும் அதற்கு வெளியே நிற்கும். அவை ‘குறி’ என்ற தனி வகையைச் சேர்ந்தவை. கமலா, மணி, சரவணன் யாரும் தேறமாட்டார்கள். நிரலாளர் யாரையும் விலக்க நினைத்திருக்கமாட்டார். ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதித்திருப்பார். எழுத்தோடு குறிகளையும் அனுமதித்தால் தீர்ந்தது.

முகவரியில் இயந்திரம் தூக்க வேண்டிய சுமை இன்னும் அதிகம். இந்திய அஞ்சல் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று கொண்டுவந்த ஆறு இலக்க பின்கோடு, ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரியின் ஆக்கம். முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. இரண்டாவது அதன் உட்பகுதி, மூன்றாவது அஞ்சல் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் அஞ்சலகம். 600 சென்னை, 625 மதுரை, 627 திருநெல்வேலி. இத்தனை செய்தி ஆறு இலக்கத்தில் இருக்க, பல படிவங்கள் மாநிலப் பட்டியலை உருட்டச் சொல்லி, மாவட்டம் எழுதச் சொல்லி, ஊர் கேட்டு, கடைசியில் பின்கோடு கேட்கின்றன. பின்கோட்டை முதலில் கேட்டால் மாநிலமும் மாவட்டமும் தாமே நிரம்பும். ஒரே பின்கோட்டில் பல ஊர்கள் இருக்கும்போது அந்தச் சில ஊர்களை மட்டும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். ஆறேழு தட்டலில் முடியும் வேலை.

கண்ணுக்கும் விரலுக்கும் சேமித்துத் தரக்கூடியவை சிறியவைதான், ஆனால் கூடிப்போகும். கட்டத்தின் தலைப்பை எங்கே வைப்பது என்று மத்தேயோ பென்சோ 2006-இல் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தார். தலைப்பு இடப்பக்கம் தள்ளி இருந்தால் கண் அங்கிருந்து கட்டத்துக்குத் தாவ ஏறக்குறைய அரை நொடி எடுத்தது. கட்டத்தின் தலைக்குமேல் இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு. கட்டத்துக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் தலைப்பை எழுதுவது பார்க்க அழகு. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். நடுவில் தொலைபேசி அழைப்பு வந்து திரும்பியவருக்கு இந்தக் கட்டம் என்ன கேட்டது என்பதே தெரியாது. எண் கேட்கும் கட்டத்தில் எண் விசைகளைக் காட்டும்படி கைப்பேசிக்குச் சொல்ல ஒரு சொல் போதும். இது தெரு, இது பின்கோடு, இது ஓடிபி என்று உலாவிக்கு அடையாளம் சொல்லவும் தரப்படுத்திய சொற்கள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துவிட்டால், முன்பு வேறெங்கோ தட்டிய முகவரியை உலாவியே நிரப்பும். பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலிகளும் நிரலில் முறையாகப் பிணைத்த தலைப்புகளை நம்பியே இயங்குகின்றன. பிழையைச் சிவப்புக் கோட்டால் மட்டும் காட்டினால் அவருக்கும், நிறம் பிரித்தறியாதவருக்கும் ஒன்றும் தெரியாது. என்ன தவறு, எப்படித் திருத்துவது என்று சொற்களில் எழுத வேண்டும். அதையும் கட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு சொல்ல வேண்டும். மின்னஞ்சலின் முதல் எழுத்தைத் தட்டியதுமே ‘தவறான முகவரி’ என்பது, பேசத் தொடங்குமுன் வாயை அடைப்பது. ஒருமுறை கொடுத்த தகவலை அதே வேலையில் மறுபடி கேட்காதே என்பது 2023 அக்டோபரில் வெளியான உலக வலை அணுகல் நெறிகளில் ஒரு விதியாகவே வந்துவிட்டது.

இவை எல்லாம் கவனக்குறைவால் நேர்பவை. வேண்டுமென்றே சுமத்தப்படுபவையும் உண்டு, அவற்றைப் பற்றி மெல்லப் பேச எனக்கு மனமில்லை. கேட்காத காப்பீடு கூடையில் ஏறியிருக்கும். நன்கொடைக் கட்டத்தில் டிக் முன்பே விழுந்திருக்கும். சேர ஒரு தட்டல், விலக ஒன்பது பக்கம். ஹாரி பிரிக்னல் 2010-இல் இவற்றுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்துத் தொகுக்கத் தொடங்கினார். மனிதர் எங்கே கவனம் தளர்வார், எங்கே சலிப்பார் என்ற அதே அறிவை அவருக்கு எதிராகத் திருப்பும் வேலை இது. முன்பே டிக் செய்த கட்டணக் கட்டங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2011-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை ஆணையில் தடுத்தது. இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. கூடைக்குள் திருட்டுத்தனமாகப் பொருள் சேர்ப்பது அவற்றில் ஒன்று.

அட்டை எண்ணைத் தட்டும் வேலையே இந்தியாவில் குறைந்துவருகிறது. கடைகள் அட்டை எண்ணைச் சேமித்துவைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்த தடை 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எண்ணுக்குப் பதில் அந்தக் கடைக்கு மட்டும் செல்லும் ஒரு மாற்றுக்குறியைச் சேமிக்கலாம். அதற்கும் முன்பே, 2016-இல் வந்த யூபிஐ, பணம் கட்டும் படிவத்தை ஒரு ரகசிய எண் அளவுக்குச் சுருக்கிவிட்டது.

முகவரி மட்டும் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. ‘பிள்ளையார் கோவிலுக்கு எதிர்ச்சந்து’ என்று எழுத நம் படிவங்களில் தனிக் கட்டமே இருக்கிறது. அதற்கு மாற்றாக அஞ்சல் துறை 2025-இல் ‘டிஜிபின்’ என்ற பத்தெழுத்துக் குறியை வெளியிட்டது. இந்தியாவை உள்ளடக்கிய ஒரு பெரிய சதுரத்தை 16 சதுரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து அல்லது எண். அந்தச் சிறு சதுரத்தை மறுபடி 16 ஆக. இப்படிப் பத்து முறை பிரித்தால் ஏறக்குறைய நான்கு மீட்டர் பக்கமுள்ள ஒரு துண்டு நிலம் கிடைக்கும். அதற்கான 16 குறிகளில் 0, 1 இரண்டும் இல்லை. ஆங்கில ஓ, ஐ எழுத்துகளும் இல்லை. கண் குழம்பும் ஜோடிகள் முன்பே விலக்கப்பட்டுவிட்டன. ஆனால் பத்தெழுத்தும் இடத்தைச் சொல்வதற்கே செலவாகிவிடுவதால், தட்டியவரின் தவறைக் கண்டுபிடிக்க ஓர் எழுத்து மிச்சமில்லை. முதலெழுத்து பிசகினால் பெட்டி பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகும். கடைசி எழுத்து பிசகினால் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஆகவே இந்தக் குறியைக் கேட்கும் படிவம் அதைப் பெற்றதும் வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டி, இதுதானா என்று கேட்டாக வேண்டும். வீட்டில் இருந்தபடி ஆர்டர் செய்கிறவரிடம் பத்து எழுத்தையும் கேட்கவே வேண்டாம். அவர் அனுமதித்தால் கைப்பேசிக்கு இடம் தெரியும், அந்த இடத்திலிருந்து குறியை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.